லினக்ஸோடு ஒத்துப்போகும் வைஃபை கார்டு: பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

வைஃபை டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் குட்டி வைஃபை கருவி) டப்பாவின் பின்பக்கம் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். அந்த மூன்றாவது பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுத்துவிடாதீர்கள். பல நேரம் அதற்கு அர்த்தம், எப்போதோ எழுதிய ஒரு டிரைவரின் (கார்டை இயக்கும் நிரலின்) மூலநிரல் அந்த நிறுவனத்தின் தளத்தில் ஜிப் கோப்பாகக் கிடக்கிறது என்பதுதான். அது பழைய கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் பழைய மையநிரலுக்கு, எழுதியது. இன்றைய உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் கம்பைல் செய்யப் போனால் பக்கம் பக்கமாகப் பிழைச் செய்தி வரும்.

லினக்ஸில் நிம்மதியாக ஓடும் வைஃபை என்றால் அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். செருகினோம், நெட்வொர்க் பட்டியல் வந்தது, கடவுச்சொல் போட்டோம், முடிந்தது என்று இருக்க வேண்டும். அப்படி இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது டாங்கிளின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயர் இல்லை, உள்ளே இருக்கும் சிப். ஆகவே கடைக்குப் போகும் முன் சிப்பின் பெயரும் எண்ணும் கையில் இருக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள், வீட்டு டெஸ்க்டாப்புக்கு வைஃபை தேடுபவர்கள் எல்லோருக்கும் இதே முறைதான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலித்துக் காட்டியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். ஒரு சொல்லுக்குள் இடைவெளி வேண்டாம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது?

புதிதாக எதையும் வாங்கும் முன் இருப்பதைப் பாருங்கள். டெர்மினலை (கட்டளை தட்டும் திரையை) திறந்து எல்எஸ்பிசிஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு என்என்கே என்று சேர்த்து என்டர் அழுத்துங்கள். நீளமாக ஓடும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று இருக்கும் பத்தியைத் தேடுங்கள். டாங்கிளாக இருந்தால் எல்எஸ்யுஎஸ்பி போதும்.

அந்த வரியில் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம் என்று ஓர் அடையாள எண் இருக்கும். முன்பாதி தயாரிப்பாளர், பின்பாதி மாடல். உள்கார்டுகளில் 8086 என்றால் இன்டெல். 168சி என்றால் குவால்காம் ஏதிராஸ். 14சி3 மீடியாடெக், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். டாங்கிள்களில் 0பிடிஏ ரியல்டெக், 0இ8டி மீடியாடெக். டாங்கிளை விற்கும் நிறுவனம் தன் சொந்த எண்ணைப் போட்டிருப்பதும் உண்டு. அப்போதும் முழு எட்டு இலக்கத்தையும் இணையத்தில் தேடினால் சிப் தெரிந்துவிடும்.

உள்கார்டின் பத்தியிலேயே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி வந்தால் டிரைவர் ஏறிவிட்டது என்று பொருள். அது இருந்தும் வைஃபை வரவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அந்த வரியே இல்லை என்றால் டிரைவர் இல்லை.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். "அண்ணே, ஒரு தடவை இதுல போட்டுப் பார்த்துக்கிறேன், உள்ள இருக்கிறது எதையும் தொட மாட்டேன்" என்று சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. லைவ் முறையில், அதாவது எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே பூட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டோடு இணைந்து ஒரு பக்கம் திறந்தால் அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. மறுத்தால் வேறு கடை பார்ப்பது நல்லது. மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளுக்கும் இதே சோதனைதான். எந்த ஆண்டில் கொடுத்தது என்பதை வைத்து உள்ளே என்ன கார்டு என்று ஊகிக்காதீர்கள்.

இரண்டாம் படி: வாங்கவே வேண்டாமோ?

வைஃபை வரவில்லை என்று புதுக் கார்டு வாங்கப் போகிற பலருக்கு உண்மையில் குறைவது ஃபர்ம்வேர்தான். டிரைவர் கெர்னலில் இருக்கும். ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல் வட்டில் இருக்காது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம் என்று ஒரு வரி வந்தால் இதுதான் சங்கதி. உபுண்டுவிலும் மின்டிலும் இந்தக் கோப்புகள் கூடவே வரும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் நிறுவிக்குள்ளேயே சேர்த்தார்கள். அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் ஃபர்ம்வேர் தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும்.

வைஃபையே இல்லாமல் அந்தத் தொகுப்பை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பல மாடல்களில் அந்த இணைப்பே கேபிள் வழியாக வந்துவிடும், டேட்டா செலவில்லை. சொல்லப்போனால், வாரத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டவும் அஞ்சல் பார்க்கவும் மட்டும் டெஸ்க்டாப்பைத் திறக்கிறவர்களுக்கு இதுவே போதும், டாங்கிளே தேவையில்லை.

இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வைஃபை பூட்டப்பட்டிருப்பது. ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டினால் மென்பொருள் பூட்டா, லேப்டாப் ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்சா என்று தெரியும். இரண்டு, கெர்னல் பழசாக இருப்பது. சிப் புதிது, உபுண்டு நான்கு வருடம் பழையது என்றால் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. புதுப் பதிப்பைப் பென்டிரைவில் போட்டு லைவாக ஓட்டிப் பாருங்கள்.

ரியல்டெக் 8723பிஇ கார்டு உள்ள லேப்டாப்களில் ஒரு விசித்திரம் உண்டு. வைஃபை வேலை செய்யும், ஆனால் ரவுட்டர் பக்கத்தில் இருந்தால்தான் சிக்னல் தெரியும். சில லேப்டாப்களில் ஆன்டெனா ஒன்றே ஒன்றுதான் இருக்கும். டிரைவர் அது இல்லாத முனையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஏஎன்டி, அடிக்கோடு, எஸ்இஎல் என்ற டிரைவர் விருப்பத்தை 1 அல்லது 2 என்று மாற்றினால் சரியாகிவிடும். இதற்குப் போய்ப் புது டாங்கிள் வாங்கினால் வீண் செலவு.

மூன்றாம் படி: எந்தச் சிப்?

இன்டெல் உள்கார்டுகள் என்றால் யோசிக்கவே வேண்டாம். இன்டெல் தன் ஆட்களை வைத்தே டிரைவர் எழுதிக் கெர்னலில் சேர்க்கிறது. ஃபர்ம்வேர் மூடியதுதான் என்றாலும் எல்லா லினக்ஸ் தொகுப்புகளிலும் வருகிறது. ஏஎக்ஸ்200-க்குக் கெர்னல் 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10 இருந்தால் போதும்.

பழைய லேப்டாப்களில் வரும் ஏதிராஸ் ஏஆர்9285, ஏஆர்9485 போன்றவை ஏடிஹெச்9கே டிரைவரில் ஓடுபவை. இவற்றுக்கு ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. வேகம் இன்றைய கணக்குக்குக் குறைவு, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஆனால் எத்தனை வருடம் ஆனாலும் தொல்லை தராது. டாங்கிளில் இதன் தம்பி ஏஆர்9271. அதன் ஃபர்ம்வேரின் மூலநிரலையே 2013-ல் திறந்து கொடுத்துவிட்டார்கள். மூடிய நிரல் ஒரு துளிகூட வேண்டாம் என்று இருப்பவர்கள் தேடிப் பிடிக்கும் சிப் இதுதான்.

இன்று டாங்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் முதல் தேர்வு மீடியாடெக். எம்டி7612யு என்பது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையிலும் ஓடும், 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் வரை காட்டும். அதன் சிறிய வடிவம் எம்டி7610யு. இரண்டுக்கும் 2018 கடைசியில் வந்த கெர்னல்களிலிருந்தே டிரைவர் உள்ளே இருக்கிறது. அதாவது இன்று யாரும் ஓட்டும் எந்த லினக்ஸிலும் செருகியதும் வேலை செய்யும். வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7921ஏயு, அதற்குக் கெர்னல் 5.18 வேண்டும். உபுண்டு 22.04 முதலில் வந்தபோது 5.15 கெர்னலோடு வந்தது, 24.04-ல் 6.8 இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிக மலிவான குட்டி டாங்கிள்களில் எம்டி7601யு இருந்தாலும் பரவாயில்லை. 2.4 மட்டும்தான், வேகம் சுமார்தான், ஆனால் 2015-லிருந்து கெர்னலில் இருக்கிறது.

ரியல்டெக்தான் குழப்பம். கடைகளில் கண்ணில் படுவதும் பெரும்பாலும் இதுதான். நிலைமை முன்னைவிட நன்றாகவே தேறியிருக்கிறது. ஆர்டிஎல்8812பியு, 8821சியு சிப்களுக்கு 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில் டிரைவர் சேர்ந்தது. 8812ஏயு, 8821ஏயு சிப்களுக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, 6.14 கெர்னல் இருந்தால் போதும். இதன் பலன் என்ன? 8812பியு டாங்கிளை உபுண்டு 24.04-ல் செருகினால் ஓடும். அதே டாங்கிளை 6.1 கெர்னலோடு வந்த டெபியன் 12-ல் செருகினால் ஓடாது. ஆகவே ரியல்டெக் என்றால் சிப் எண்ணையும் உங்கள் கெர்னல் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். யுநேம், இடைவெளி, சிறு கோடு, ஆர் என்று தட்டினால் கெர்னல் எண் வரும்.

பிராட்காம் 2010-ல் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது உண்மைதான். ஆனால் பிசிஎம்43142 போன்ற லேப்டாப் கார்டுகளுக்கு இன்றும் டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்தால் ஓட்டிக்கொள்ளுங்கள். காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டாம்.

நான்காம் படி: உள்கார்டா, டாங்கிளா?

லேப்டாப்பைத் திறக்கத் தயங்காதவர் என்றால் உள்கார்டை மாற்றுவதுதான் சிறந்த வழி. மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கார்டில் இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்கள் பொத்தான் மாதிரி மாட்டியிருக்கும். நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். மாட்டும்போது பித்தளை முனை சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, நேராக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் முனை நசுங்கும், அப்புறம் அந்தக் கார்டு அவ்வளவுதான். எது எந்த வயர் என்பதைக் கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பழைய லேப்டாப்களில் இருப்பது மினி பிசிஐஇ, புதியவற்றில் எம்.2. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆன்டெனா முனையின் அளவும் வேறு. அடுத்தது, இன்டெல்லின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, 9560 ஆகியவை சிஎன்விஐ வகை. கார்டின் பாதி வேலையை இன்டெல் பிராசசரின் பக்கம் விட்டுவைத்திருப்பார்கள். அதற்கென்று வடிவமைத்த இன்டெல் போர்டைத் தவிர வேறு எதிலும் ஓடாது. ஏஎம்டி லேப்டாப்பில் செருகினால் எல்எஸ்பிசிஐ பட்டியலில்கூட வராது. மலிவாகக் கிடைக்கிறது என்று இதை வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. எங்கும் ஓடும் வகை வேண்டும் என்றால் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது, சில பழைய திங்க்பேட், எச்பி மாடல்களின் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்), தான் அங்கீகரித்த கார்டுகளை மட்டுமே ஏற்கும், மற்றதைப் போட்டால் பூட் ஆகாமல் நிற்கும். உங்கள் மாடலின் பெயரோடு ஒயிட்லிஸ்ட் என்று சேர்த்துத் தேடிவிட்டுத் திறங்கள்.

ஐந்தாம் படி: கடையில்

ஒரே மாடல் பெயர், உள்ளே வேறு வேறு சிப். இதுதான் டாங்கிள் வியாபாரத்தின் பெரிய தொல்லை. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் இருந்தது ஏஆர்9271, லினக்ஸ்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய சிப். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் 8188இயுஎஸ் வந்துவிட்டது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டு இன்று வாங்கினால் வருவது ரியல்டெக்தான்.

அதனால் காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையானாலும் சரி, ஆன்லைனானாலும் சரி, மாடல் பெயரோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். டப்பாவின் பார்கோடு ஸ்டிக்கரில் வெர்ஷன் என்றோ வி என்ற எழுத்தோடு ஓர் எண்ணோ இருக்கும்.

"அண்ணே, அந்த டப்பாவைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க, வெர்ஷன் பார்க்கணும்."

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி, போட்டா ஓடும்."

"ஓடலைன்னா நாளைக்கே கொண்டாந்தா மாத்திக்குவீங்களா? பில்லுல எழுதிக் கொடுங்க."

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து வாங்குங்கள். பெயரே இல்லாத குட்டி டாங்கிள் என்றால் சிப் என்ன என்பது கடைக்காரருக்கும் தெரியாது. திருப்பி எடுத்துக்கொள்ளும் உத்தரவாதம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். எம்.2 கார்டுகள் உள்ளூரில் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. பல்லவன் ரயிலில் சென்னை போகிறவர்கள் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் வாங்கி வரச் சொல்லலாம். சிப் எண்ணை மட்டும் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஏசி600, ஏசி1200 என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். 2.4-ல் 300, 5-ல் 867. இரண்டையும் கூட்டி மேலே தூக்கிப் போட்டு 1200 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணைவீர்கள்.

ஆறாம் படி: நம் வீட்டுச் சுவர்கள்

சிப் சரியாக இருந்தும் சிக்னல் வராமல் போவது நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் சாதாரணம். கனமான செங்கல் சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு, தடித்த தேக்குக் கதவு, வளவுக்கு (நடுமுற்றத்துக்கு) மேலே இரும்புக் கம்பி வலை. ஒரு தெருவில் முகப்பு இருந்தால் அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கும் வீடுகள் இவை. முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரவில்லை என்றால் அதில் கார்டின் குற்றம் ஒன்றுமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் இப்படிப்பட்ட சுவர்களில் சீக்கிரம் சாகும். 2.4 இன்னும் கொஞ்ச தூரம் போகும். இங்கே 5-ல் மட்டும் வேகம் காட்டும் டாங்கிளுக்கு அதிகக் காசு கொடுப்பதைவிட, 2.4-ல் நன்றாக ஓடும், வெளி ஆன்டெனா உள்ள டாங்கிளை எடுப்பது மேல்.

வீட்டின் அமைப்பே ஒரு உதவியும் செய்கிறது. முகப்பு வாசலிலிருந்து பின்வாசல் வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி ரவுட்டரை வைத்தால், கதவுகள் திறந்திருக்கும் வரை சிக்னல் வளவைத் தாண்டி உள்ளே வரும். பக்கவாட்டு அறைகளுக்கு இது உதவாது. அங்கே டாங்கிளை நேரடியாகக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகாமல், ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் மாட்டி வாசல் நிலைப் பக்கம் கொண்டுவாருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. யுஎஸ்பி 3 துளைகளும் வெளி ஹார்டு டிஸ்க்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். 2012-லேயே இன்டெல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நீட்டிப்பு வயர் அந்த இரைச்சலிலிருந்து டாங்கிளைத் தள்ளிவைக்கும். கருப்பு நிற யுஎஸ்பி 2 துளை காலியாக இருந்தால் 2.4 இணைப்புக்கு அதுவே நல்லது.

கானாடுகாத்தான் பக்கம் வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்களுக்கும், நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து போகும் பெரிய வீட்டுக்காரர்களுக்கும் என் யோசனை வேறு. எத்தனை நல்ல டாங்கிள் வாங்கினாலும் நான்கு சுவர் தாண்டாது. பழைய பூச்சைத் துளைக்க மனம் வராது, வரவும் கூடாது. பட்டாலை ஓரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து உள்கட்டில் இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகக் கொடுக்கும் கருவி) ஒன்று வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு அதிலிருந்தே கம்பி கொடுத்தால் லினக்ஸ் டிரைவர் தொல்லையே இல்லை.

ஏழாம் படி: ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

கெர்னலில் இல்லாத ரியல்டெக் டாங்கிள் கையில் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை என்றால் டிகேஎம்எஸ் முறையில் டிரைவர் ஏற்றலாம். கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாகவே மறுபடி கட்டும் ஏற்பாடு இது. கெர்னல் ஹெடர் தொகுப்பும் கம்பைலரும் முதலில் இருக்க வேண்டும். செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு வசதி) இயக்கத்தில் இருந்தால் கையெழுத்திடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. உபுண்டு நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி பூட் ஆகும்போது வரும் நீலத் திரையில் என்ரோல் என்பதைத் தேர்ந்து அதையே கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில நொடிகளில் போய்விடும், காபி போட எழுந்து போகாதீர்கள். இத்தனையும் செய்த பிறகும் ஒரு பெரிய கெர்னல் மேம்படுத்தலில் டிரைவர் கட்டப்படாமல் வைஃபை மறைந்துபோகலாம். பழைய கெர்னலை உடனே அழித்துவிடாமல் வைத்திருந்தால் பூட் பட்டியலில் அதைத் தேர்ந்து சமாளிக்கலாம்.

சில டாங்கிள்கள் செருகியதும் வைஃபையாகத் தெரியாமல் சிடி டிரைவாகத் தெரியும். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்திருப்பார்கள். எல்எஸ்யுஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் இந்தக் கதைதான். கோப்பு மேலாளரில் அந்தச் சிடியை எஜெக்ட் செய்தால் உருமாறி வைஃபையாக வரும். நிரந்தரமாகச் சரிசெய்ய யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பு இருக்கிறது.

எட்டாம் படி: மாற்றிக் கொடுக்கும் கெடு முடியும் முன்

இணைந்துவிட்டது என்று டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்து, ஐடபிள்யூ டெவ் என்று தட்டி இன்டர்ஃபேஸின் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயரோடு லிங்க் என்று சேர்த்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் வரும். மைனஸ் 50, 60 என்றால் அருமை. மைனஸ் 70 தாண்டினால் வீடியோ அழைப்பு திணறும். மைனஸ் 80 என்றால் இடத்தையோ ரவுட்டரையோ மாற்றியாக வேண்டும்.

அப்புறம், ரவுட்டரின் முகவரிக்குப் பிங் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். நேரம் ஏறி ஏறி இறங்கினால் மின்சேமிப்பு வசதியை நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்பதற்கு 2 என்று கொடுத்தால் நின்றுவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் உங்கள் ரவுட்டர் மட்டும் பட்டியலில் இல்லை என்றால் ஐடபிள்யூ ரெக் கெட் என்று தட்டுங்கள். நாட்டுக் குறியீடு 00 என்று இருந்தால் சில சேனல்களில் கார்டு அடக்கித்தான் வாசிக்கும். அதை இந்தியாவுக்கான ஐஎன் என்று மாற்றி மறுபடி தேடுங்கள். இந்தியாவில் 2018-லேயே 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள்.

கடைசியாக லேப்டாப் மூடியை மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள். தூக்கத்திலிருந்து எழுந்ததும் வைஃபை தானாக இணைய வேண்டும். டிரைவர் அரைகுறையாக இருந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். எழவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.